எதிர்பாராத மழையும் எண்ணிப் பாராத பாலமும்

பருவ மழைக் காலத்தில் மலைச் சாலையொன்று அறுந்துபோயிற்று என்று செய்தி வந்தால், அதன் பின்னாலேயே அதிகாரிகளின் அறிக்கையொன்று வருவது வழக்கமாகிவிட்டது. "எதிர்பாராத கனமழையினால் சேதம் ஏற்பட்டது" என்று அவ்வறிக்கை கூறும். இந்த வாக்கியத்தை அடிக்கடி படித்துப் பழகிவிட்ட நாம், எதிர்பார்க்கப்பட்ட மழை எவ்வளவு, அதை எதிர்பார்த்தவர் யார், எந்தக் கணக்கின் மேல் எதிர்பார்த்தார் என்று கேட்பதில்லை. கேட்டால் பதில் சொல்லக்கூடிய விஷயமே இது. பாலம் என்பது கல்லாலும் காரையாலும் கட்டப்படுவதற்கு முன்னால் காகிதத்தில் ஓர் எண்ணாக இருக்கவேண்டும். அந்த எண் எழுதப்படவேயில்லையென்றால், மழையை எதிர்பாராதது என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

சில வருஷங்களுக்கு முன் ஒரு மலைச் சாலையில் நாம் பிரயாணம் செய்தபோது, முந்திய மழையில் அடித்துச் செல்லப்பட்ட குழாய்ப் பாலம் ஒன்றை மீண்டும் கட்டிக்கொண்டிருந்தார்கள். வேலையை மேற்பார்த்து நின்றவரிடம், இந்த ஓடையில் எவ்வளவு வெள்ளம் வருமென்று கணக்கிட்டு இக்குழாயைத் தேர்ந்தீர்கள் என்று விசாரித்தோம். "பழைய குழாயும் இதே அளவுதான் ஸார், ஸ்டோரிலும் இதுதான் இருந்தது" என்றார். மனிதர் யோக்கியர், உண்மையைச் சொன்னார். ஒரு முறை அடித்துக்கொண்டு போன அளவையே மறுமுறையும் வைக்கிறோமே என்ற எண்ணம் அவருக்குத் தோன்றாததற்கு அவர் மட்டும் பொறுப்பாளியல்லர். அவரிடம் அக்கேள்வியை யாருமே கேட்டதில்லை.

நாம் வக்கீல் தொழிலில் இருப்பவராதலால், "எதிர்பாராத மழை" என்பது நியாயஸ்தலத்தில் பட்ட பாட்டை முதலில் சொல்ல விரும்புகிறோம். ஸ்காட்லாந்து தேசத்தில் கிளைட் நதியின் முகத்துவாரத்தை ஒட்டி கிரீனக் என்ற ஊர் இருக்கிறது. பின்னால் குன்றுகள், முன்னால் கடல், மழைக்குப் பெயர்போன ஊர். குன்றிலிருந்து இறங்கும் ஓடையொன்றின் படுகையில், பொதுப் பூங்காவில் குழந்தைகள் காலை நனைத்து விளையாடுவதற்கென்று நகரசபையார் ஒரு குளம் கட்டினார்கள். நல்ல நோக்கந்தான். ஆனால் அதற்காக ஓடையின் இயற்கையான போக்கை மாற்றி, தண்ணீர் போவதற்கு ஒரு மதகு வழியை அமைத்தார்கள். 1912-ம் வருஷத்தில் அசாதாரணமான மழையொன்று பெய்தது. மதகு வழி கொள்ளாமல் தண்ணீர் பொங்கி வழிந்து தெரு வழியாக ஓடி, கீழேயிருந்த ரெயில்வே கம்பெனியின் சொத்துக்களைச் சேதப்படுத்தியது. கம்பெனி வழக்குத் தொடர்ந்தது. இத்தகைய மழை தெய்வச் செயல், அதற்கு மனிதர் ஜவாப்தாரியல்லர் என்று நகரசபை வாதித்தது.

வழக்கு பிரபுக்கள் சபை வரையில் சென்றது. 1917-ம் வருஷத்தில் பிரபுக்கள் அவ்வாதத்தை நிராகரித்தார்கள். ஓடையை அதன் வழியில் விட்டிருந்தால் அதே தண்ணீர் தீங்கின்றிப் போயிருக்கும். நீ ஓடையில் கை வைத்தாய். ஆகையால், ஓடைக்குப் பதிலாக நீ அமைத்த வழி, அசாதாரண மழை கொண்டுவரும் தண்ணீரையும் கொள்ளும்படி பார்த்துக்கொள்வது உன் கடமை. தீர்ப்பின் சாரம் இதுவே. மழை அபூர்வமானது என்பதினால் மட்டும் அது தெய்வச் செயல் ஆகிவிடாது.

எதிர்க்கட்சியின் பலத்தையும் மறைக்காமல் சொல்லவேண்டும். 1876-ல் இங்கிலாந்தில் தீர்ந்த நிக்கல்ஸ்–மார்ஸ்லண்ட் வழக்கில், ஓடையை மறித்து ஏரிகள் அமைத்திருந்த ஒரு சீமாட்டி, மகா மழையில் கரை உடைந்து நான்கு பாலங்கள் போன போதிலும் விடுவிக்கப்பட்டார். அலட்சியம் இல்லை, இவ்வளவு வெள்ளத்தை நியாயமாக எதிர்பார்த்திருக்க முடியாது என்று ஜூரர்கள் கண்டார்கள். கிரீனக் வழக்கில் பிரபுக்கள் இத்தீர்ப்பைச் சந்தேகக் கண்ணோடுதான் பார்த்தார்கள். நம் பக்கத்திலேயே, கார்வேட்டிநகர் ஜமீன்தாருடைய ஏரிகள் உடைந்து மதராஸ் ரெயில்வேயின் பாலங்கள் போன வழக்கில், 1874-ல் பிரிவி கௌன்ஸில் ஜமீன்தார் பக்கம் தீர்ப்புச் சொல்லிற்று. ஏரிகள் தொன்றுதொட்டு ஜனங்களின் ஜீவனத்துக்கு அவசியமானவை. அலட்சியம் நிரூபிக்கப்பட்டாலொழிய ஜவாப்தாரியில்லை என்பது காரணம். மூன்று வழக்குகளும் ஒரு கேள்வியிலேயே வந்து நிற்கின்றன. கட்டியவர் எதை எதிர்பார்த்தார்? எதை எதிர்பார்த்திருக்கவேண்டும்?

இங்கேதான் வக்கீலின் புஸ்தகம் மூடிக்கொள்கிறது. இஞ்சினீயரின் புஸ்தகத்தைத் திறக்கவேண்டியிருக்கிறது. அதிலுள்ள அடிப்படைக் கணக்கு பள்ளிக்கூடத்துப் பையன் போடக்கூடியதுதான். ஓர் ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. அதன் மேல் ஒரு மணி நேரத்தில் ஓர் அங்குல மழை பெய்தால் 3,630 கன அடித் தண்ணீர் விழுகிறது. மணிக்கு 3,600 விநாடிகள். ஆக, ஓர் ஏக்கரில் மணிக்கு ஓர் அங்குல வீதம் பெய்யும் மழை, முழுவதும் ஓடி வந்தால், ஏறக்குறைய விநாடிக்கு ஒரு கன அடி. ஓடைக்குத் தண்ணீர் தரும் சரிவு முழுவதையும் ஏக்கர் கணக்கில் அளந்து, மழையின் உக்கிரத்தை அங்குலக் கணக்கில் வைத்துப் பெருக்கி, மண் குடித்ததுபோக ஓடிவரும் பங்கு எவ்வளவோ அவ்வளவைக் கொள்ளவேண்டியது. அயர்லாந்து தேசத்து இஞ்சினீயரான மல்வனி 1851-லேயே இம்முறையின் சாரத்தை எழுதி வைத்தார். அமெரிக்காவில் குய்ஷ்லிங் 1889-ல் அதை நகரச் சாக்கடைகளுக்குப் பிரயோகித்தார். இன்றும் சிறு ஓடைகளுக்கு உலகெங்கும் கையாளப்படுவது பெரும்பாலும் இதுவே.

கணக்கு எளிது; அதில் வைக்கும் எண்களில்தான் மோசம் போகிறோம். முதலாவது மோசம், மழையின் உக்கிரத்தை எந்தக் கால அளவுக்குக் கொள்வது என்பது. மல்வனியின் கூர்மையான யோசனை இதிலேதான் இருக்கிறது. சரிவின் கோடியில் விழுந்த துளி பாலத்தை வந்தடைய எவ்வளவு நேரம் ஆகிறதோ, அவ்வளவு நேரம் மழை பெய்தால்தான் சரிவு முழுவதும் ஒருசேரத் தண்ணீர் அனுப்பும். அந்த நேரத்தில் எத்தனை உக்கிரமான மழை பெய்யக்கூடுமோ அதைத்தான் கணக்கில் வைக்கவேண்டும். சமவெளி ஆறுகளுக்கு இந்நேரம் பல மணிகளாகவோ நாட்களாகவோ இருக்கலாம். மலையோடைக்கோ நிமிஷங்கள்!

உதாரணமாக, நூறு ஹெக்டேர், அதாவது ஒரு சதுர கிலோமீட்டர், சரிவுள்ள ஓர் ஓடையை எடுத்துக்கொள்வோம். ஓடையின் நீளம் ஒன்றரைக் கிலோமீட்டர். மேல்கோடிக்கும் பாலத்துக்கும் உயர வித்தியாசம் 300 மீட்டர். வழக்கமான சூத்திரத்தின்படி தண்ணீர் வந்து கூடும் நேரம் ஏறக்குறைய பத்தே நிமிஷம். அவ்விடத்தில் ஒரு நாளில் 300 மில்லிமீட்டர் மழை பெய்யக்கூடும் என்றும், அதில் பாதி ஓடிவரும் என்றும் வைத்துக்கொள்வோம். மழைமானியை நாளுக்கொரு தடவை பார்த்து எழுதும் குமாஸ்தா, 300-ஐ 24-ஆல் வகுத்து மணிக்கு பன்னிரண்டரை மில்லிமீட்டர் என்று சொன்னால், வெள்ளம் விநாடிக்கு 1.7 கன மீட்டர் என்று வரும். ஆனால் மழை நாள் முழுவதும் ஒரே சீராகவா பெய்கிறது? ஒரு நாள் மழையிலிருந்து சிறு பொழுதின் உக்கிரத்தைக் காண இந்திய ரோடு காங்கிரஸார் சிறுபாலங்களுக்கான தங்கள் வழிகாட்டியில் ஒரு சூத்திரம் கொடுத்திருக்கிறார்கள். அதன்படி பார்த்தால், அந்தப் பத்து நிமிஷத்துக்கு உக்கிரம் மணிக்கு 267 மில்லிமீட்டர் வீதம். வெள்ளம் விநாடிக்கு 37 கன மீட்டர்!

அதே ஓடை, அதே மழை, அதே மண். ஒரு கணக்கில் 1.7, மற்றொன்றில் 37. முன்னதற்கு ஒரு மீட்டருக்குச் சற்று மேற்பட்ட குழாய் ஒன்று போதும். பின்னதற்கு நான்கைந்து மீட்டர் அகலமும் மூன்று மீட்டர் உயரமும் உள்ள திறப்பு வேண்டும். இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள வித்தியாசத்தில்தான் சாலைக்குக் கீழே சரிவில் வீடு கட்டிக் குடியிருக்கும் ஏழை ஜனங்களின் உயிர் தொங்குகிறது.

மழையை விட்டுவிட்டு, பரப்பை மட்டும் வைத்து வெள்ளத்தைச் சொல்லும் குறுக்குவழிகளும் உண்டு. வங்காளத்தில் டிக்கன்ஸ் 1865-லும், நம் சென்னை மாகாணத்துக்கென்று ரைவ்ஸ் 1884-லும் இத்தகைய சூத்திரங்களைத் தந்தார்கள். ரைவ்ஸின் சூத்திரத்தில் கடற்கரையை ஒட்டிய இடங்களுக்கு ஒரு குணகம், உள்நாட்டுக்கு ஒன்று, மலையடுத்த சிறு பரப்புகளுக்குப் பெரிய குணகம் ஒன்று. நம் உதாரண ஓடைக்கு அந்தப் பெரிய குணகத்தையே போட்டாலும் விநாடிக்கு 10 கன மீட்டர் சொச்சந்தான் வருகிறது. நமது முன்னோர் காலத்து இஞ்சினீயர்களை இதற்காகக் குறைகூறுவது தகாது. மழைமானிகளே அரிதாக இருந்த காலத்தில், கண்ணால் கண்ட வெள்ளங்களை வைத்து ஒரு விதி செய்து கொடுத்தார்கள். அது வெள்ளைக்காரர் செய்தது என்பதும் அதைத் தள்ளுவதற்குக் காரணமாகாது. ஆனால் அந்தச் சூத்திரத்துக்குச் சரிவு தெரியாது, காடு தெரியாது, தேயிலை தெரியாது. மேலே புதிதாகக் கட்டிய ஹோட்டலும் தார் போட்ட மைதானமும் தெரியாது. நூற்றைம்பது வருஷமாகப் போகும் ஒரு குணகத்தை எடுத்துப் போட்டுவிட்டு, "கணக்குப் பார்த்தாகிவிட்டது" என்று கையெழுத்திடுவதைத்தான் நாம் ஆட்சேபிக்கிறோம்.

ஓடிவரும் பங்கு என்று சொன்னோமே, அது மனிதன் கையால் மாறுவது. காடாக இருந்தபோது நூற்றுக்கு முப்பது பங்கு ஓடிவந்த சரிவில், மரத்தை வெட்டி, மண்ணை இறுக்கி, கட்டடங்களை எழுப்பி, அறுபது பங்கு ஓடிவரச் செய்துவிட்டால், மழை ஒரு துளி கூடாமலே வெள்ளம் இரட்டித்துவிடும். பழைய பாலம் அப்படியே இருக்கும். அன்றியும், நாலைந்து நாள் விடாமல் பெய்த மழையில் ஊறிப்போன மண் மேற்கொண்டு எதையும் குடிப்பதில்லை. அப்போது காடும் கிட்டத்தட்ட பாறையைப்போல் நடந்துகொள்ளும்.

நீலகிரியைப் பாருங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899-ல் ஓடத் தொடங்கி, 1908-ல் உதகையைச் சேர்ந்த மலை ரெயில் பாதை 46 கிலோமீட்டர் நீளமுள்ளது. அதில் 250 பாலங்கள். சராசரி இருநூறு மீட்டருக்குள் ஒரு பாலம்! பெரும்பாலானவை சிறியவை. மலை எத்தனை இடங்களில் தண்ணீர் இறக்குகிறது என்பதை ஒப்புக்கொண்டு, அத்தனை இடங்களிலும் வழிவிட்டுக் கட்டியிருக்கிறார்கள். அப்படியும் வடகிழக்குப் பருவ மழையில் மண்சரிந்து பாதை அடைபடுவது அடிக்கடி நேர்கிறது. 2009 நவம்பரில் குன்னூர், கேத்தி, கோத்தகிரிப் பக்கங்களில் மலை சரிந்து நாற்பது பேருக்கு மேல் மாண்டார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை பதிவாயிற்று. நம் உதாரணத்தில் வைத்தது 30 சென்டிமீட்டர்தான் என்பதை நேயர்கள் கவனிக்கவேண்டும். அவலாஞ்சி மேற்கே மழை முகத்தில் இருப்பது. எல்லா இடங்களிலும் அந்த அளவு பெய்யாது. ஆனாலும், பதிவான மழையை இனி எதிர்பாராத மழை என்று சொல்வதற்கில்லை.

வெள்ளத்தைச் சரியாக மதிப்பிட்டாலும் போதாது. குழாயின் குணத்தையும் அறியவேண்டும். மலையில் சரிவு அதிகமாயிருப்பதால் தண்ணீர் குழாய்க்குள் பாய்ந்து போய்விடும், சிறிய குழாயே போதும் என்று எண்ணுவோர் உண்டு. குழாய்க்குள் நுழைந்த தண்ணீர் வேகமாகப் போகும் என்பது வாஸ்தவமே. நுழைய வேண்டுமே! செங்குத்தான இடத்தில் குழாயின் கொள்ளளவைத் தீர்மானிப்பது அதன் வாய், வயிறு அல்ல. ஒரு மீட்டர் விட்டமுள்ள குழாயின் வாயில், தண்ணீர் குழாயின் உச்சி மட்டத்துக்கு நிற்கும்போது, ஏறக்குறைய விநாடிக்கு ஒன்றரைக் கன மீட்டர்தான் நுழையும். சரிவை எவ்வளவு கூட்டினாலும் இது பெரிதாக மாறாது. விட்டத்தை இரட்டித்தாலோ ஐந்தரை மடங்குக்கு மேல் நுழையும். இரண்டு சிறு குழாய்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதைவிட ஒரு பெரிய வாய் எவ்வளவு மேலானது என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டாம்.

வாய் அடைபடுவது மற்றொரு கஷ்டம். மலையோடையில் வெள்ளத்தின்போது வருவது தண்ணீர் மட்டுமா? வேரோடு பிடுங்கிய மரம், உருண்டு வரும் பாறை, தேயிலைத் தோட்டத்து விறகு, சேறு, நாம் ஓடையில் கொட்டிவைத்த குப்பை எல்லாம் சேர்ந்தே வருகின்றன. சூத்திரமோ தண்ணீரைத்தான் எண்ணுகிறது. ஒரு மரம் குறுக்கே விழுந்தால் குழாய் மூடிக்கொள்கிறது. சாலையின் மண்மேடு அணையாகிவிடுகிறது. பின்னால் தண்ணீர் தேங்கி ஏறி, சாலையின் மேல் வழிந்து, மண்ணை அரித்து, கடைசியில் அணை உடைந்ததுபோலவே உடைகிறது. அப்போது கீழே இறங்குவது இயற்கை தந்த வெள்ளமல்ல, அதைவிடப் பெரிது. பாலமே இல்லாதிருந்தால் வந்திராத வெள்ளத்தைப் பாலம் உண்டுபண்ணுகிறது. கிரீனக்கில் பிரபுக்கள் சொன்னதும் கிட்டத்தட்ட இதுவே. ஆகவே மலையில் திறப்பைக் கணக்கில் வந்ததைவிடத் தாராளமாக வைப்பதும், தண்ணீர் வழியவே நேர்ந்தாலும் அரிக்காதபடி சாலையின் ஓர் இடத்தைத் தாழ்த்திக் கல் பாவி வைப்பதும் வீண் செலவாகா.

செலவு என்றதும் ஓர் ஆட்சேபம் எழும் என்பதை அறிவோம். எந்த மழைக்கும் தாங்கும்படி ஒவ்வொரு ஓடைக்கும் பாலம் கட்ட எந்தச் சர்க்காரின் பொக்கிஷமும் தாங்காது என்பார்கள். மெய்தான். அதனால்தான் "ஐம்பது வருஷ வெள்ளம்", "நூறு வருஷ வெள்ளம்" என்று ஒரு அளவுகோல் வைத்திருக்கிறார்கள். ஜனங்கள் இதைத் தப்பாக அர்த்தம் செய்துகொள்கிறார்கள், சில அதிகாரிகளுங்கூட. ஐம்பது வருஷ வெள்ளம் என்றால் ஐம்பது வருஷத்துக்கு ஒருமுறை முறைவைத்து வருவதல்ல. எந்த ஒரு வருஷத்திலும் அது வருவதற்கோ மீறப்படுவதற்கோ நூற்றில் இரண்டு பங்கு சாத்தியம் உண்டு என்பதே பொருள். அப்படிக் கட்டிய பாலம் ஐம்பது வருஷம் நிற்பதற்குள் அத்தகைய வெள்ளத்தை ஒரு தடவையாவது சந்திப்பதற்கு நூற்றுக்கு அறுபத்துநாலு பங்கு சாத்தியம் இருக்கிறது. போன வருஷம் வந்துவிட்டது, இனி நம் காலத்தில் வராது என்று யாரும் நிம்மதியாகத் தூங்கமுடியாது.

எத்தனை வருஷ வெள்ளத்துக்குக் கட்டுவது என்பது இஞ்சினீயர் மட்டும் முடிவு செய்யும் விஷயமல்ல. ஆபத்தில் எவ்வளவு பங்கை யார் தலையில் வைப்பது என்பதே அதன் பொருள். ஆளில்லாத காட்டுப் பாதைக்குச் சிறு பாலம் போதுமென்றால் நாம் ஒப்புக்கொள்வோம். ஓடைக்குக் கீழே ஒரு லயனில் முப்பது குடும்பங்கள் இருக்கின்றன என்றால் அவர்களிடம் சொல்லாமல், அவர்கள் சம்மதமில்லாமல், இந்த எண்ணை ஒருவர் தம் மேஜையில் உட்கார்ந்து எழுதுவது நியாயமல்ல. எழுதாமலே விடுவது அதைவிட அநியாயம்.

தேசத்தொண்டில் ஈடுபட்டிருக்கும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. கூட்டம் போட்டுக் கண்டனத் தீர்மானம் நிறைவேற்றுவதற்கு முன்னால் செய்யக்கூடியது ஒன்று உண்டு. 2005-ம் வருஷத்துத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, சொற்பக் கட்டணத்துடன் எந்தப் பிரஜையும் விண்ணப்பம் செய்யலாம். உங்கள் ஊர் மலைச் சாலையில் புதிதாகக் கட்டிய ஒரு சிறுபாலத்தைத் தேர்ந்துகொண்டு, அதன் நீர்ப்பிடிப்புப் பரப்பு எவ்வளவு, தண்ணீர் கூடும் நேரம் எத்தனை நிமிஷம் என்று கொள்ளப்பட்டது, மழையின் உக்கிரம் எந்த மழைமானியின் எத்தனை வருஷப் பதிவிலிருந்து எடுக்கப்பட்டது, ஓடிவரும் பங்கு எவ்வளவு, எத்தனை வருஷ வெள்ளத்துக்குக் கட்டப்பட்டது என்று கேளுங்கள். கணக்குத் தாளின் நகலையும் கேளுங்கள். ஓடைக்கரையில் நெடுநாள் குடியிருக்கும் பெரியவர் ஒருவரைக் கேட்டு, அவர் பார்த்த பெரிய வெள்ளத்தில் தண்ணீர் எந்தப் பாறை வரை ஏறிற்று என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த அடையாளத்தையும் படுகையின் சரிவையும் அளந்து வந்த வெள்ளத்தை மதிப்பிடும் முறை இஞ்சினீயர்களிடமே இருக்கிறது. உங்கள் குறிப்பு அவர்களுடைய கணக்கை நிறுத்துப் பார்க்கப் பயன்படும்.

முப்பது நாளைக்குள் பதில் தரவேண்டுமென்பது சட்டம். வடகிழக்குப் பருவ மழை அக்டோபரில் தொடங்குமாதலால், ஆகஸ்டுக்குள் விண்ணப்பித்துவிடுவது நல்லது. விண்ணப்பத்தில் சாலையின் பெயரோடு கிலோமீட்டர்க் கல்லின் எண்ணையும் மறவாமல் எழுதவேண்டும். இல்லாவிட்டால் எந்தப் பாலம் என்று தெரியவில்லை என்றே ஒரு பதில் வந்துசேரும், அதற்குள் மழையும் வந்துவிடும்.